மறுமொழி: டவுன்ரிக்கருக்குத் தமிழ்ச்சொல் (கனம், நரம்பு, கவ்வி)

நண்பர்களுக்கு வணக்கம்.

ஓடும் படகிலிருந்து தூண்டில் இரையை ஏரியின் ஆழத்துக்கு இறக்க உதவும் கருவி டவுன்ரிக்கர். அதற்குத் தமிழ்ச்சொல் என்ன என்று டொரோன்டோ நண்பர் கேட்டிருந்தார். இதுவரை குழுவில் மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன: கீழ்ச்செலுத்தி, ஆழமிறக்கி, குண்டிறக்கி. அவர் தமிழாக்கும் கையேட்டில் நரம்பையும் (தூண்டில் இழை) எடையையும் தேர்ந்தெடுக்கும் பகுதியை மட்டும் எடுத்து, மூன்று சொல்லையும் மாற்றி மாற்றிப் போட்டு எழுதிப் பார்த்தேன். தனியாக நிற்கும்போது மூன்றும் நன்றாகத்தான் இருக்கின்றன. வாக்கியத்துக்குள் வந்ததும் இடறுகின்றன. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் கருவி. சென்னையில் இருக்கும் நம்மில் பலர் இதைப் பார்த்திருக்க மாட்டோம். இங்கே தேவையும் இல்லை. செம்பரம்பாக்கம் ஏரி முழுக்க நிரம்பினாலே 24 அடிதான். டொரோன்டோவை ஒட்டிய ஒன்டாரியோ ஏரியின் சராசரி ஆழம் 86 மீட்டர், அதிகபட்சம் 244 மீட்டர். கோடையில் மேல்தண்ணீர் சூடாகிவிடும். அதற்குக் கீழே வெப்பம் சட்டென்று குறைகிற ஓர் அடுக்கு இருக்கும். சினூக் சால்மன் 10 முதல் 13 டிகிரி வரை குளிர்ந்த தண்ணீரைத் தேடி அந்த அடுக்கை ஒட்டித் திரியும். 1966இல் கோஹோ, 1967இல் சினூக் என மிச்சிகன் மாநிலத்தார் ஒன்டாரியோவும் அடங்கிய ஐம்பெரும் ஏரிகளில் குஞ்சுகளை விட்ட பிறகு அங்கே சால்மன் தூண்டில் பெரிதாக வளர்ந்தது. மீன் 25, 30 மீட்டர் கீழே நிற்கும். படகோ ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கட்டியிருப்பது லேசான தகட்டு இரை. அது தானாகக் கீழே போகாது.

நரம்பிலேயே ஈயம் கட்டினால் போகும்தான். ஆனால் மீன் கடித்த பிறகு அந்த ஈயத்தையும் சேர்த்துத்தான் இழுக்க வேண்டும். அதனால் கனத்தைத் தனிக் கயிற்றில் தொங்கவிடுகிறார்கள். படகின் ஓரத்தில் ஒரு சின்ன ராட்டு, அதிலிருந்து வெளியே நீளும் ஒரு கை, அதன் வழியாக 4 அல்லது 5 கிலோ கனம் கீழே இறங்கும். தூண்டில் நரம்பு அந்தக் கனத்தின் அருகே ஒரு கவ்வியில் செருகியிருக்கும். மீன் கடித்து இழுத்தால் நரம்பு கவ்வியிலிருந்து விடுபட்டுவிடும். அப்புறம் கோலுக்கும் மீனுக்கும் நடுவில் வேறு எதுவும் இல்லை.

காசிமேட்டில் ஒரு மூத்த மீனவரிடம் இதன் படத்தைக் காட்டினேன். கைப்பேசியை வாங்கிக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "கனம் தனிக் கயித்துல போவுதா? அப்போ மீன் இழுக்கும்போது கனம் கைக்கு வராதே!" என்றார். நான் இரண்டு பத்தி எழுதியதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். எனக்கு வேண்டிய சொல்லும் அதிலேயே இருந்தது. எடை என்றோ குண்டு என்றோ அவர் சொல்லவில்லை. கனம் என்றார்.

என் பரிந்துரை: கனமிறக்கி.

ஆழமிறக்கியை ஏன் விடுகிறேன் என்றால், இரையை ஆழத்துக்குக் கொண்டுபோக வேறு வழிகளும் உண்டு. நரம்பில் கட்டி இரையைக் கீழே முங்கவைக்கும் முக்குப்பலகை இருக்கிறது, உள்ளே ஈயம் ஓடும் நரம்பு இருக்கிறது. அவற்றையும் ஆழமிறக்கி என்று சொல்லிவிடலாம். இந்தக் கருவி இறக்குவது நரம்பை அல்ல, கனத்தை. அந்த வேறுபாடு பெயரிலேயே தெரிய வேண்டும். கீழ்ச்செலுத்தி ஆங்கிலச் சொல்லைத் துண்டு துண்டாகப் பெயர்த்தது. எதைச் செலுத்துகிறது என்று கேட்டால் பதில் இல்லை. குண்டிறக்கி எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் குழுவில் அக்கா ஒருவர் சுட்டிக்காட்டியது போல விமானம் குண்டு போடுகிற நினைப்பு வந்துவிடுகிறது. அதோடு இந்தக் கனம் எப்போதும் உருண்டையும் அல்ல. தட்டையாகவும் மீன் வடிவிலும் வருகிறது. எடையிறக்கி என்றால் உடம்பு இளைக்க வைப்பது என்று படிப்பார்கள்.

இதை ஏற்றால் மற்ற சொற்களும் வரிசையாக வந்துவிடும். கனத்தைத் தாங்குவது கனக்கயிறு. அது எஃகுக் கம்பியாக இருக்கலாம், பின்னல் இழையாகவும் இருக்கலாம். தூண்டிலில் இருப்பது நரம்பு. நண்பர் அதைத் தங்கூசி என்றே எழுதியிருக்கிறார். கையேட்டைப் படிக்கப் போகிறவர்களில் ஈழத் தமிழர் நிறைய இருப்பார்கள் என்பதால் முதல் முறை வரும்போது இரண்டையும் போட்டுவிடலாம். ஆங்கிலத்தில் இரண்டுக்குமே 'லைன்' என்று எழுதுகிறார்கள். தமிழிலும் அப்படிச் செய்தால் புதிதாக வருபவர் கட்டாயம் குழம்புவார். "10 பவுண்டு கனத்துக்கு 8 பவுண்டு நரம்பு போதுமா, அறுந்துவிடாதா?" என்று கேட்பார். நரம்பு அந்தக் கனத்தை ஒருபோதும் தூக்குவதில்லை. கவ்வியின் பிடியைத்தான் தாங்குகிறது, அப்புறம் மீனை. ஆகவே நரம்புக்குத் தாங்குதிறன் என்றும் கனத்துக்கு எடை என்றும் பிரித்தே எழுதுவோம். அளவுகளைக் கிலோவிலும் கொடுப்போம். பவுண்டு எங்காவது தவறிப் பவுன் என்று அச்சானால் இங்கே நகைக்கணக்காகிவிடும்.

இப்போது குழுவில் யாரும் தொடாத ஒரு சொல்: ப்ளோபேக். படகு ஓடும்போது கனம் நேர்கீழே தொங்காது. கயிறு பின்பக்கமாகச் சாயும். ராட்டில் உள்ள நீளம் எண்ணும் கருவி 30 மீட்டர் என்று காட்டும். அது வெளியே விட்ட கயிற்றின் நீளம், ஆழம் அல்ல. கனம் அதற்கு மேலேதான் நிற்கும். இதை மூலத்தை ஒட்டி 'பின்வீச்சு' என்று ஒருவர் குறித்திருந்தார். இங்கே எதுவும் வீசப்படவில்லை. பின்சாய்வு போதும்.

எடையைத் தேர்ந்தெடுக்கும் பகுதி முழுக்க இந்தப் பின்சாய்வைத்தான் சுற்றுகிறது. குழுவில் ஐயா ஒருவர், "பெரிய உருண்டை தண்ணீரில் அதிகம் தடுபடுமே, பிறகு எப்படிச் சாய்வு குறையும்?" என்று கேட்டிருந்தார். கணக்குப் போட்டேன். 4.5 கிலோ ஈய உருண்டையின் குறுக்களவு சுமார் 9 சென்டிமீட்டர், பெரிய சாத்துக்குடி அளவு. ஓடும் தண்ணீருக்கு அது காட்டும் முகப்பு 65 சதுர சென்டிமீட்டர் அளவில் வரும். 0.9 மில்லிமீட்டர் தடிமன் உள்ள கம்பியை 30 மீட்டர் விட்டால் அதன் முகப்பு 270 சதுர சென்டிமீட்டர். கம்பிதான் நான்கு மடங்கு! அதனால் கனத்தைக் கூட்டினால் உருண்டை கொஞ்சம்தான் பெருக்கும், கம்பி அப்படியே இருக்கும், சாய்வு குறையும். கயிற்றை மெல்லியதாக்கினாலும் குறையும். வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்காகும் என்பதையும் சேர்த்தால், ஆழம் குறைந்த ஏரியில் மெதுவாகப் போகிறவருக்கு 3 கிலோ போதும் என்றும், ஆழத்தில் மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு 5 கிலோ வேண்டும் என்றும் கையேடு சொல்வது புரிந்துவிடும். அதற்கு மேல் கூட்டினால் ராட்டுக்கும் அதிலிருந்து நீளும் கைக்கும் சுமை. அலையில் படகு ஆடும்போது ஊசலாடும் கனத்தைப் பிடித்து உள்ளே வைப்பதும் ஆபத்து.

கவ்விக்கு விடுகவ்வி. பிடிப்பதும் விடுவதும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. இதிலும் நரம்பின் வகை முக்கியம். ஒற்றை இழை நைலான் கொஞ்சம் தடித்தது, நீளும். விடுகவ்வியின் ரப்பர் அதை நன்றாகப் பிடிக்கும். பின்னல் நரம்பு மெல்லியது, வழுக்கும், நீளாது. கவ்வியிலிருந்து தானாக நழுவிவிடும். அதனால் அதில் ரப்பர் பேண்டைச் சுற்றி, அந்த ரப்பரைக் கவ்வியில் மாட்டுகிறவர்கள் உண்டு. விடுகவ்விக்கும் இரைக்கும் இடையே உள்ள நீளத்துக்குப் பின்விடு தூரம் என்று வைத்திருக்கிறேன். மேல்தண்ணீரில் அதைக் கூட்டுவார்கள், ஆழத்தில் குறைப்பார்கள்.

படகை ஓட்டிக்கொண்டே தூண்டில் போடும் ட்ரோலிங்குக்கு 'இழுவை' வேண்டவே வேண்டாம். இழுவை மடி என்றால் கடற்கரையில் எல்லோருக்கும் அடிமட்டத்தை வாரும் விசைப்படகு வலைதான் நினைவுக்கு வரும், அதை ஒட்டிய சண்டைகளும் வரும். ஓட்டத் தூண்டில் என்று வைக்கலாம். இதைவிட நல்லது இருந்தால் சொல்லுங்கள், நான் பிடிவாதமாக இல்லை.

டொரோன்டோ நண்பருக்கு ஒரு வேண்டுகோள். மீன் மாட்டியதும், நரம்பு கனக்கயிற்றில் சுற்றிக்கொள்ளாமல் இருக்க, படகில் இருக்கும் மற்றவர்கள் உடனே கனத்தை மேலே ஏற்ற வேண்டும் என்று கையேடு சொல்கிறது. அந்த அவசரத்தில் படகில் இப்போது தமிழில் என்ன கத்துகிறீர்கள்? "கனத்தை ஏத்து!" என்பது உங்கள் வாயில் இயல்பாக வருமா? உங்கள் கூட்டாளிகளிடமும் கேட்டு எழுதுங்கள். வேறு சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தால் கனமிறக்கியை விலக்கிவிட்டு அதையே பட்டியலில் ஏற்றுவோம்.