ஸ்பியூமெசன்ட்: தமிழில் எப்படிச் சொல்றதுங்க?

கேள்வி (ஆலைக்கரும்பு): கவுந்தப்பாடிப் பக்கம் வெல்லம் காய்ச்சறதைப் பத்தின ஒரு இங்கிலீஷ் கட்டுரையைத் தமிழாக்கிட்டு இருக்கறனுங்க. கொப்பரைப் பாகை 'ஸ்பியூமெசன்ட்'னு எழுதியிருக்காங்க. அகராதியில 'நுரைபோன்ற'னு இருக்குது. அது பாகுக்கு ஒட்டலை. சொல்லோட வேர் என்ன, எப்படித் தமிழாக்கலாம்?

சொல்வேர்: லத்தீன்ல 'ஸ்பூமா'ன்னா நுரை. 'ஸ்பூமெஸ்கெரே'ன்னா நுரைக்க ஆரம்பிக்கறது. அந்த 'எஸ்கெரே' ஒட்டு ஒரு நிலைக்கு மாற ஆரம்பிக்கறதைக் காட்டும். அடாலெசன்ட் (வளர்ந்துட்டு வர்றவன்) சொல்லுலயும் அதே ஒட்டுதான். உச்சரிக்கறப்ப அழுத்தம் 'மெ'யில விழணும்.

ஃபோமும் இதுவும் ஒரே குடும்பம். லத்தீன்ல 'ப' இருக்கற எடத்துல இங்கிலீஷ்ல 'ஃப' வரும்: பாத்தர் – ஃபாதர் மாதிரி. சமஸ்கிருத 'பேன' அதே வேர். தமிழ் அகராதியில 'பேனம்'னு நுரைக்கு இருக்கறது அங்கிருந்து வந்ததுதான். பியூமிஸ் கல்லும் இந்த வேர்ல வந்ததே. இங்கிலீஷ்காரருக்கு அந்தப் பேர்ல நுரை தெரியாது, நாம நுரைக்கல்னே சொல்லீர்றோம்.

பாகுபதம்: கட்டுரை எந்தக் கட்டத்தைச் சொல்லுதுன்னு மொதல்ல பாருங்க. கொப்பரையில நுரை ரெண்டு வகை.

சாறு சூடாகையில, கொதி வர்றதுக்கு முன்னாடியே, புரதம் திரிஞ்சு அழுக்கைப் பிடிச்சுட்டு மேல வந்து ஏடாட்டம் கட்டும். சுண்ணாம்புத் தண்ணியோ வெண்டைத்தண்டுச் சாறோ ஊத்தறது அந்த அழுக்கு நல்லாத் திரளறதுக்குத்தான். அதை அப்பவே வழிச்சு எடுக்கணும். தளதளன்னு கொதிக்க உட்டா ஏடு உடைஞ்சு சாறோட கலந்துரும். அப்புறம் எவ்வளவு வழிச்சாலும் வெல்லம் கறுத்துத்தான் வரும். இதுக்கு ஸ்பியூமெசன்ட் பொருந்தாது, 'அழுக்கு நுரை'ன்னாப் போதும்.

ரெண்டாவது, தண்ணி வத்திப் பாகு கெட்டியாகறப்ப வர்றது. குமிழி சட்டுனு உடையாது, பொன்னிறமா ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கொப்பரை விளிம்பைத் தொடும். அந்த நேரம் நாலு சொட்டு விளக்கெண்ணெய் உட்டா அடங்கும்: எண்ணெய் மேல பரவிக் குமிழியோட தோலை மெலிசாக்கி உடைச்சிரும். அச்சு வெல்லத்துக்கு ஏறக்குறைய 118 டிகிரி செல்சியஸ்ல எறக்கிருவாங்க. உங்க சொல்லுக்கு இதுதான் சரியான எடம்.

ஆலைக்கரும்பு: ரெண்டாவதுதானுங்க, பதம் பார்க்கறதுக்கு முந்தின வரி. 'எஃபர்வெசன்ட்'டும் இதுவும் ஒண்ணா?

சொல்வேர்: இல்லீங்க. எஃபர்வெசன்ட்டோட லத்தீன் வேருக்குக் 'கொதி'ன்னு அர்த்தம். வாயுக் குமிழி அடியிலிருந்து கிளம்பி மேல வந்து உடையறது, சோடா மாதிரி. ஸ்பியூமெசன்ட்டுல குமிழி உடையாம மேலயே தங்கணும். வெறும் தண்ணியில நுரை நிக்காது; குமிழித் தோலைத் தாங்கப் புரதமோ பசையோ சோப்போ வேணும். ஆத்துன காப்பியில பால் புரதம் தாங்குது. சாயக்கழிவு கலந்த நொய்யல் ஆத்துல ரசாயனம் தாங்குச்சு. ஆத்து நுரைக்கு இந்தச் சொல்லைப் போடலாம், தப்பில்லை, ஆனா கவிதைச் சாயல் ஏறிரும்.

தெளுவுக்கலயம்: 'போன்ற'ங்கறதை எடுத்துருங்க. அது தோற்றத்தை மட்டும் சொல்லுது, நுரை வந்துட்டே இருக்கறதைச் சொல்லலை. தெளுவு (பதநீர்) கள்ளாகறப்ப 'நுரை கட்டுது'ன்னுதான சொல்றோம், அந்த வினையை எடுத்துக்கலாம். 'நுரைகட்டி ஏறும் பாகு'. 'நுரை பொங்கும்'னு எழுதுனா வழிஞ்சு போறாப்பல ஆயிரும். இங்க வழியலை, விளிம்புலயே நிக்குது.

பாகுபதம்: 'நுரைகட்டி ஏறும்' சரி. ஆனா விளக்கெண்ணெய் விடற வரி அடுத்து வந்தா, அங்க 'ஏறுன நுரை அடங்குச்சு'ன்னு அதே வினையிலயே தொடருங்க.