யூத மரபில் சிங்கம்: நூலுக்குத் தலைப்பும் அட்டையும்

ஏட்டுப்பிரதி (கேள்வி)

யூத மரபில் சிங்கம் பற்றிய தமிழ் நூல் ஒன்று அச்சுக்குப் போகிறது. டெமி அளவு, 240 பக்கம். யாக்கோபின் ஆசியில் வரும் 'யூதா பாலசிங்கம்' (ஆதியாகமம் 49:9), சாலொமோனின் சிம்மாசனப் படிகளில் நின்ற பன்னிரண்டு சிங்கங்கள், இஸ்ரேலில் பெத் ஆல்பா என்ற இடத்தின் பழைய ஜெப ஆலய மொசைக் தரை, கிழக்கு ஐரோப்பிய ஜெப ஆலயங்களின் மரச் செதுக்கல்கள், 'ஆரி' (எபிரேயத்தில் சிங்கம்) என்று அழைக்கப்பட்ட 16-ஆம் நூற்றாண்டு யூத ஞானி இசாக் லூரியா, எல்லாம் உண்டு. பக்தி நூல் அல்ல. கலையும் வரலாறும் படிப்பவர்களுக்கானது.

யோசித்திருக்கும் தலைப்புகள்: 'யூதாவின் சிங்கம்', 'எழும் சிங்கம்', 'பேழையைக் காக்கும் சிங்கங்கள்'. அட்டையில், தோரா (யூத வேதம்) சுருள் வைக்கும் பேழையின் வெல்வெட் திரைகளில் இருப்பதுபோல, அரக்குச் சிவப்பில் பொன்னிறச் சிங்கம் ஒன்று. எது நிற்கும், எது இடறும்?

கல்வரி

மூன்று தலைப்பையும் விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

'யூதாவின் சிங்கம்' என்றதும் தமிழ் வாசகருக்கு நினைவுக்கு வருவது வெளிப்படுத்தின விசேஷம் 5:5-இன் 'யூதா கோத்திரத்துச் சிங்கம்'. அங்கே அது கிறிஸ்து. கடைக்காரர் கிறிஸ்தவ பக்தி நூல் அடுக்கில் வைத்துவிடுவார். வாங்குபவரும் அதை எதிர்பார்த்தே வாங்குவார். எத்தியோப்பியப் பேரரசர்களின் பட்டத்திலும் ஜமைக்காவில் தோன்றிய ரஸ்தஃபாரி சமய இயக்கத்திலும் இதே பெயர் இருப்பதால், இணையத்தில் தேடினால் உங்கள் நூல் அந்தக் கூட்டத்தில் காணாமல் போகும்.

'எழும் சிங்கம்' எண்ணாகமம் 23:24-இன் சாயல். 2025 ஜூனில் ஈரான்மீது இஸ்ரேல் நடத்திய தாக்குதலுக்கு அந்த வசனத்திலிருந்துதான் பெயர் எடுத்தார்கள். மொசைக் பற்றிய நூலைப் போர் நூல் என்று நினைத்துத்தான் எல்லோரும் கையில் எடுப்பார்கள்.

மூன்றாவதில் சிக்கல் 'பேழை'. விலங்கின் பெயரோடு சேர்ந்து வந்தால் நம்மவர்களுக்கு அது நோவாவின் பேழைதான். சிறுவர் நூலோ என்று தோன்றும்.

யூதக் கலையில் சிங்கம் பெரும்பாலும் தனியாக வருவதில்லை, ஜோடியாக வரும். நடுவில் பேழையோ, கட்டளைப் பலகைகளோ, கிரீடமோ இருக்கும். கவனம் அந்த நடுப்பொருள்மேல்; சிங்கங்கள் காவல். இதையே தலைப்பாக்கலாம்: 'இரு சிங்கங்களுக்கு நடுவே'. கீழே சிறிய எழுத்தில் 'யூத மரபிலும் கலையிலும் சிங்கம்'. உபதலைப்பில் 'யூத', 'சிங்கம்' இரண்டும் கட்டாயம் வேண்டும். தேடுபவர் தட்டப்போவது அவற்றைத்தான்.

அச்சுமை

தலைப்பு பிரமாதம். அட்டையையும் அதுவே தீர்த்துவைக்கிறது.

அரக்குச் சிவப்பில் தனிப் பொன் சிங்கத்தைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். அது இலங்கைக் கொடி. கையில் வாள் இல்லாவிட்டாலும் தமிழ் வாசகர் கண்ணுக்கு முதலில் அதுதான் தெரியும், ஈழத்து வாசகர் பலர் நூலைத் திறக்கவே மாட்டார்கள். கருநீலமோ சுண்ணாம்புக்கல் நிறமோ வையுங்கள். எதிரெதிரே இரண்டு சிங்கங்கள், நடுவில் மூடிய பேழை, அதற்குள் தலைப்பு.

மாதிரிக்கு பெத் ஆல்பாவே போதும். 6-ஆம் நூற்றாண்டுத் தரை. மேல்பகுதியில் பேழை, இரு பக்கமும் சிங்கங்கள், மெனோராக்கள் (ஏழு கிளை விளக்குகள்). கோடுகள் தடிமனானவை, எளியவை. கைப்பேசியில் அட்டை கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கினாலும் உருவம் கலையாது. போலந்து மரச் செதுக்கல்களின் பிடரிமயிர் அந்த அளவில் வெறும் கறையாகிவிடும்.

இணையத்தில் வாங்கும் ஆப்பிரிக்கச் சிங்கப் புகைப்படம் வேண்டவே வேண்டாம். அடர்ந்த கறுத்த பிடரியும் சவன்னா புல்லும் வந்தால் காட்டுயிர் நூலாகிவிடும். போதாததற்கு, பைபிள் சொல்லும் நிலத்தில் பழங்காலத்தில் திரிந்தவை இன்று குஜராத்தின் கிர் காட்டில் மிஞ்சியிருக்கும் சிங்கங்களுக்கு நெருங்கிய இனம்: பிடரி குறைவு, காது வெளியே தெரியும். நினிவேயின் சிங்க வேட்டைச் சிற்பங்களும் வேண்டாம். எவ்வளவு அழகானாலும் அவை அசீரிய அரசனின் பெருமை.

கல்லறைக்கல் சிங்கமானால் கவனம். ஆர்யே, லெய்ப் (இரண்டுக்கும் பொருள் சிங்கம்), யெஹூதா (யூதா) என்ற பெயர் கொண்டவர்களின் கல்லில் சிங்கம் செதுக்குவது வழக்கம். கல்லின் படத்தை அப்படியே போட்டால் ஒருவருடைய சமாதியை அட்டையாக்கியதாகிவிடும்.

ஏட்டுப்பிரதி

மிக்க நன்றி. 'இரு சிங்கங்களுக்கு நடுவே' என்ற தலைப்பே முடிவாகிவிட்டது. பேழைமேல் எபிரேய எழுத்தும், கட்டளைப் பலகைகளும் சேர்க்க ஆசை. மொசைக் படத்துக்கு அனுமதி வேண்டுமா? பொன் நிறம் எப்படி அச்சில் வரும்?

கல்வரி

கடவுளின் நான்கெழுத்து எபிரேயத் திருநாமத்தை அட்டையில் போடாதீர்கள். அது அச்சான தாளை யூதர் குப்பையில் போடுவதில்லை, கெனிசாவில் (பழைய புனித ஏடுகளுக்கான சேமிப்பிடம்) வைத்துப் பின் புதைப்பார்கள். அட்டையோ கிழியும், விளம்பரத் தாளாகும். பத்துக் கட்டளைகளின் முதல் வரியிலேயே அந்த நாமம் இருக்கிறது. ஆகவே பலகைகளில் முழு வாசகம் கூடாது. கட்டளைக்கு ஒன்றாக, எபிரேய அகரவரிசையின் ஆலெஃப் முதல் யோத் வரை பத்து எழுத்து போதும். ஜெப ஆலயங்களிலும் அப்படித்தான் பெரும்பாலும் இருக்கும். வலப் பலகையில் முதல் ஐந்து, இடப் பலகையில் அடுத்த ஐந்து. இடம் மாறினால் தெரிந்தவர் உடனே பிடித்துவிடுவார். பலகையின் மேல்விளிம்பு வளைவாக வருவது ஐரோப்பிய ஓவிய வழக்கம். தல்மூதின் (பழைய யூதச் சட்ட விவாதத் தொகுப்பு) கணக்கில் அவை சதுரம், ஆறு கைப்பிடிக்கு ஆறு. சதுரமாகவே வரையுங்கள்.

பின்னட்டைக்கு ஒரு வரி: யூதச் சட்டத் தொகுப்பான ஷுல்ஹான் ஆருக் தொடங்குவதே, படைத்தவனின் பணிக்காகக் காலையில் எழ மனிதன் சிங்கம்போல் திடம்கொள்ள வேண்டும் என்றுதான். வீரத்தைவிட வழிபாட்டோடு இந்தச் சிங்கம் எவ்வளவு ஒட்டியது என்பதை அந்த ஒரு வரியே காட்டிவிடும்.

அச்சுமை

மொசைக் 1,400 ஆண்டுக்கு மேல் பழையது, அதற்குக் காப்புரிமை இல்லை. புகைப்படத்துக்கு இருக்கலாம். பல படங்களைப் பார்த்து ஓவியரைக் கோட்டோவியமாக வரையச் சொல்லுங்கள். வெக்டராக (பெரிதாக்கினாலும் மங்காத கோட்டு வடிவில்) வந்தால் அளவுச் சிக்கலும் தீரும்.

எபிரேயம் வலமிருந்து இடம். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் வேர்ல்டு-ரெடி கம்போசர் என்ற அமைப்பைப் போடாவிட்டால் எழுத்து வரிசை தலைகீழாகும், தமிழிலும் கொம்பும் காலும் இடம் பெயரும். எபிரேயம் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டி, அதன் பிறகே எழுத்தை அவுட்லைன் (எழுத்தாகத் திருத்த முடியாத வெறும் வடிவம்) ஆக்குங்கள்.

வழக்கமான நான்கு வண்ண அச்சில் பொன் கிடையாது, கடுகு நிறமாகத்தான் வரும். பொன் வேண்டுமானால் ஃபாயில் (சூட்டில் அழுத்தி ஒட்டும் பொன்னிறப் படலம்). 0.25 மி.மீ.-க்குக் குறைந்த கோடு அறுந்துபோகும், நெருங்கிய கோடுகள் ஒட்டிக்கொள்ளும். சிங்கங்களின் வெளிக்கோட்டுக்கு மட்டும் போடுங்கள். மேட் லேமினேஷன் முதலில், ஃபாயில் அதன்மேல்.

முதுகு: 120 தாள், தாளுக்கு 0.1 மி.மீ. என்றால் 12 மி.மீ. விரித்த அட்டை, சுற்றிலும் 3 மி.மீ. வெட்டுவிளிம்போடு (அச்சுக்குப் பின் வெட்டி எறியும் ஓரம்), சுமார் 297 × 222 மி.மீ. தாள் மாறினால் முதுகும் மாறும். ஆகவே உள்பக்கத் தாளை முடிவுசெய்து, அச்சகத்தில் அதே தாளில் 240 பக்கத்துக்கு வெற்று மாதிரி ஒன்று கட்டச் சொல்லி அளந்துவிட்டு அட்டையை முடியுங்கள்.