வீட்டுக் கடன், சர்ஃபேசி (கோர்ட்டுக்குப் போகாமலே அடமான வீட்டைப் பேங்க் எடுக்க வழிசெய்யும் சட்டம்), டிஆர்டி (கடன் வசூல் தீர்ப்பாயம்): பெங்களூர்த் தமிழர்கள் பட்டதைச் சொல்லுங்கள்

ஹொரமாவு மகன்
நோட்டீஸ், என்பிஏ (வராக்கடன்) கதையெல்லாம் இங்கே எல்லாருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன். அப்பாவின் கடை கொரோனாவில் மூடியது, தவணை நின்றது. டிஆர்டியில் கேஸ் போட்டும், தடை வருவதற்குள் மாஜிஸ்ட்ரேட் உத்தரவோடு வக்கீல் கமிஷனர், போலீஸ், பேங்க் ஆட்கள் வந்துவிட்டார்கள். கமிஷனர் அறை அறையாகப் போய் சாமான் பட்டியல் எழுதினார். "கிரைண்டர் ஒன்று" என்று எழுதும்போது உள்ளே மாவு பாதி அரைபட்டுக் கிடந்தது. அம்மா கையெடுத்துக் கும்பிட்டு, "அஞ்சு நிமிஷம் சார், வழிச்சு எடுத்துக்கிறேன்" என்றாள். கமிஷனர் பேனாவை மூடிவிட்டு ஒதுங்கி நின்றார். பேங்க் ஆள் மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கடனுக்கு வீட்டை எடுப்பது சட்டம், சரி. தன் வீட்டு மாவுக்காக அம்மா கும்பிட்டதை என்னால் மறக்கவே முடியவில்லை.

விவேக்நகர் அக்கா
தம்பி, படிக்கவே முடியவில்லை. எங்களுக்கு, 60 நாளில் பாக்கியைக் கட்டச் சொல்லும் டிமாண்ட் நோட்டீஸையே, எப்போதோ காலி செய்த வாடகை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். நாங்கள் குடியிருக்கும் வீட்டின் பத்திரமே அவர்கள் கையில்தான் இருக்கிறது, விலாசம் தெரியாதா? டிஆர்டியில் அதிகாரி, "நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டார். பேங்க் வக்கீல் கட்டைப் புரட்டினார், மறுபடி புரட்டினார். கடைசியில் அவர் ஃபைலிலிருந்தே அந்தக் கவர் வந்தது, பிரிக்காமல், தபால்காரர் திருப்பி அனுப்பிய குறிப்போடு. ஏலத்துக்குத் தடை கொடுத்தார்கள், பாக்கியில் ஒரு பகுதியைக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. நகையை விற்றுக் கட்டினோம்.

பழைய பேங்க்காரர்
பேங்க்தான் வில்லன் என்ற பேச்சை ஒப்புக்கொள்ள மாட்டேன். 90 நாள் பாக்கி நின்றால்தான் கணக்கு என்பிஏ ஆகும். அதற்குள் கிளைக்கு வந்து பேசுகிறவர்கள் ரொம்பக் குறைவு. அது டெபாசிட் போட்டவர்களின் பணம், பாதிப் பேர் பென்ஷன்காரர்கள். ஆனாலும் ஒரு வீடு என்னை விட்டுப் போகவில்லை. பொசஷனுக்கு, அதாவது வீட்டைக் கையில் எடுக்க, போனோம். பெரியவர் சாவிக்கொத்தை நீட்டி, எந்தச் சாவி எந்தக் கதவுக்கு, எந்தப் பூட்டு இறுகும் என்று ஒவ்வொன்றாக எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

கேஆர்புரம் லீஸ்
அண்ணா, டெபாசிட்காரர் பணம் என்கிறீர்கள், எங்கள் லீஸ் பணம் யாருடையது? மொத்தச் சேமிப்பையும் ஓனரிடம் கொடுத்துக் குடிவந்தோம். கேட்டில் நோட்டீஸ் ஒட்டிய அன்றுதான் வீடு அடமானத்தில் இருப்பதே தெரிந்தது. என் மகள்தான் முதலில் பார்த்து, "அம்மா, இதுல நம்ம வீட்டு நம்பர் போட்டிருக்கு" என்று ஓடிவந்தாள். ஓனர் போனை எடுப்பதே இல்லை.

மாமனார் கேஸுக்கு அலைந்தவன்
என் கதை சின்னது, கடைசி நேரத்தில் பேசி முடித்தோம். ஆனால் எல்லாரும் இதைக் கேளுங்கள். சிவில் கோர்ட்டுக்கு ஓடாதீர்கள், சர்ஃபேசி 34ஆம் பிரிவு அந்த வழியை அடைத்துவிட்டது. 60 நாள் நோட்டீஸ் வந்ததும் ஆட்சேபணையை எழுத்தில் கொடுங்கள். 15 நாளில் காரணத்தோடு பதில் சொல்வது பேங்கின் கடமை. பொசஷன் எடுத்தால் 45 நாளுக்குள் 17ஆம் பிரிவில் டிஆர்டி. அங்கே கேஸ் போட முன்பணம் கட்டத் தேவையில்லை. முன்பு 75 சதவீதம் கட்டச் சொன்னதை மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் 2004இல் சுப்ரீம் கோர்ட் ரத்து செய்துவிட்டது. அங்கே தோற்றால் மேல்முறையீடு, நமக்கு அது சென்னையில். அதற்குக் கடன் பாக்கியில் பாதியைக் கட்ட வேண்டும், 25 சதவீதம் வரை குறைத்துக் கேட்கலாம். முக்கியமாக, முழுப் பாக்கியைக் கட்டி வீட்டை மீட்கும் உரிமை ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான். 2016 திருத்தம் அப்படி மாற்றிவிட்டது, 2023இல் பாஃப்னா மோட்டார்ஸ் தீர்ப்பும் அதையே உறுதி செய்தது. ஏலத்தன்று பணத்தோடு போய் நின்று பயனில்லை. ஹொரமாவு தம்பி, சீல் வைத்தாலும் கேஸ் முடியவில்லை. பேங்க் செய்தது தப்பென்றால் வீட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொல்ல டிஆர்டிக்கு அதிகாரம் உண்டு. லீஸ் தங்கச்சி, குடியிருப்பவரும் டிஆர்டிக்குப் போகலாம், ஆனால் ஒப்பந்தம் ரிஜிஸ்டர் ஆகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஹொரமாவு மகன்
பேங்க் சார், அப்பா கிளைக்குப் போனார். தவணையைக் குறைத்துத் தரச் சொல்லி 60 நாளுக்குள்ளேயே எழுதிக் கொடுத்தார். கிளை முத்திரை போட்ட நகல் இருக்கிறது, பதில்தான் வரவில்லை. வக்கீல் அதைத்தான் முதல் பக்கமாக வைத்திருக்கிறார். அக்கா, உங்கள் தடை உத்தரவின் நகல் கிடைக்குமா? திங்கட்கிழமை வாய்தா.