சென்னையில் குறைந்த வாடகையில் லாட்ஜ், வண்டி நிறுத்த இடத்தோடு: அவசர உதவி தேவை

செங்கத்துக்காரர்

அனைவருக்கும் வணக்கம். அடுத்த வாரம் அம்மாவைச் சென்னையில் மருத்துவமனைக்கு அழைத்து வர வேண்டியிருக்கிறது. குடும்பத்தோடு வண்டியில் வருகிறோம். குறைந்த வாடகையில், வண்டியையும் நிறுத்திக்கொள்ளும்படியான லாட்ஜ் ஏதேனும் தெரிந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும். தொலைபேசியில் விசாரித்த இடங்களில் எல்லாம் "ரூம் இருக்கிறது, பார்க்கிங்கை நேரில் வந்து பார்த்துக்கொள்ளலாம்" என்றே சொல்கிறார்கள். அதை நம்பி வயதானவரை அழைத்துக்கொண்டு புறப்பட மனம் ஒப்பவில்லை. விரைவில் பதில் தேவை.

எழும்பூர்வாசி

எந்த மருத்துவமனை என்று சொல்லவில்லையே. சென்ட்ரல் எதிரே உள்ள பெரிய அரசு மருத்துவமனையா, கிரீம்ஸ் சாலையா, அடையாறா, போரூரா என்பதைப் பொறுத்துத் தங்க வேண்டிய இடமே மாறும். எத்தனை பேர், எத்தனை நாள், ஒரு நாளைக்கு எவ்வளவு கொடுக்க முடியும், என்ன வண்டி ஆகியவற்றையும் தெரிவித்தால் பயனுள்ள பதிலைச் சொல்ல முடியும்.

கோயம்பேடு ஓட்டுநர்

எந்த மருத்துவமனையாக இருந்தாலும் கோயம்பேட்டில் தங்குங்கள். பேருந்து நிலையத்தைச் சுற்றி லாட்ஜுகள் ஏராளம். நகரின் நடுப்பகுதியைவிடத் தெருக்கள் அகலம். காரை உள்ளே விடுவதற்கு இடமுள்ள கட்டடங்களும் கிடைக்கும். காரை அங்கேயே விட்டுவிட்டு மெட்ரோவில் ஏறினால் திருமங்கலம், அண்ணா நகர், கீழ்ப்பாக்கம் வழியாக எழும்பூருக்கும் சென்ட்ரலுக்கும் வண்டி மாறாமலே போய்விடலாம். வெளியூர்க்காரர்கள் ஏன் நகரின் நடுவிலேயே இடம் தேடி அலைகிறார்கள் என்று எனக்குப் புரிவதே இல்லை.

பழைய மாம்பலம்

இங்கே பல ஆண்டுகளாகப் பதில் எழுதி வருகிறேன். கேள்வி கேட்பவர்கள் முதலில் எப்படிக் கேட்பது என்பதைக் கற்றுக்கொள்ள வேண்டும். ஊரின் பெயர் இல்லை, மருத்துவமனையின் பெயர் இல்லை, "விரைவில் பதில் தேவை" மட்டும் இருக்கிறது. சென்னைக்குக் காரில் வருவதே தேவையற்ற செலவு. பெயரை வைத்துச் செங்கம் என்று ஊகித்தால், அருகிலுள்ள திருவண்ணாமலையிலிருந்து சென்னைக் கடற்கரைக்கு அதிகாலையில் ரயில் இருக்கிறது. அதில் வந்தால் பார்க்கிங் என்ற கேள்விக்கே இடமிருக்காது.

நெய்வேலி ஆசிரியை

தாயின் உடல்நிலையைப் பற்றிய கவலையில் எழுதுபவரிடம் இவ்வளவு கடுமை வேண்டாம், ஐயா. செங்கத்துக்காரரே, உங்கள் அம்மாவால் படி ஏற முடியுமா? எழும்பூர், பெரியமேடு பக்கத்துப் பழைய லாட்ஜுகளில் லிஃப்ட் இல்லாதவை நிறைய. முன்பதிவு செய்யும்போது தரைத்தள அறை என்பதைக் கேட்டு உறுதிப்படுத்தாவிட்டால், மூன்றாவது மாடிச் சாவியைக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

செங்கத்துக்காரர்

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. எழும்பூர் அரசு கண் மருத்துவமனை. அம்மாவுக்குக் கருவிழியில் பிரச்சினை. இங்குள்ள மருத்துவர் அங்கே எழுதிக் கொடுத்திருக்கிறார். அம்மா, நான், மனைவி, தம்பி என நான்கு பேர். மூன்று இரவு தங்க வேண்டியிருக்கும். அறுவை சிகிச்சை செய்யலாம் என்று சொன்னால் இன்னும் நீளும். ஒரு நாளைக்கு 1,500 ரூபாய் வரை கொடுக்கலாம். அம்மாவுக்கு மூட்டு வலி இருப்பதால் படி ஏறுவது சிரமம். ரயிலிலும் பேருந்திலும் ஏறி இறங்க முடியாது என்பதால்தான் வண்டி. எங்கள் சொந்த வண்டிதான்.

எழும்பூர்வாசி

சொந்த வண்டி என்பது தெரிகிறது; என்ன வண்டி என்பதுதான் கேள்வி. அந்த விவரம் வரும்வரை மற்றவற்றைச் சொல்கிறேன்.

நீங்கள் போகும் மருத்துவமனை 1819இல் தொடங்கப்பட்டது. உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. ருக்மணி லட்சுமிபதி சாலையில் இருக்கிறது. பழைய ஆட்டோக்காரர்களுக்கு மார்ஷல்ஸ் ரோடு என்றால்தான் உடனே புரியும். எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே காந்தி இர்வின் சாலையிலும் அதை ஒட்டிய கென்னட் லேனிலும் எளிய லாட்ஜுகள் நெருக்கமாக இருக்கின்றன. உங்கள் தொகைக்கு ஏற்ற அறை அங்கே கிடைக்கும். மருத்துவமனைக்கு ஆட்டோவில் குறைந்த தூரமே.

ஆனால் வாகன நிறுத்தம் அங்கே எப்படி என்பதைத் தெரிந்துகொண்டு வாருங்கள். கென்னட் லேன் குறுகலான தெரு. பல லாட்ஜுகளில் பார்க்கிங் என்று சொல்வது வாசலுக்கும் படிக்கட்டுக்கும் இடையே இரண்டு மூன்று கார்களை ஒன்றன்பின் ஒன்றாக அடைத்து நிறுத்தும் இடத்தைத்தான். பின்னால் நிற்கும் காரை எடுக்க வேண்டுமானால் முன்னால் நிற்பதை நகர்த்த வேண்டும். அதற்காக வாட்ச்மேன் எல்லாருடைய சாவியையும் வாங்கி ஒரு பலகையில் மாட்டி வைத்திருப்பார். காலை ஏழரை மணிக்குப் புறநோயாளிச் சீட்டு வாங்கப் போக வேண்டிய நாளில், முன்னால் நிற்கும் காரின் உரிமையாளர் நான்காவது மாடியில் உறங்கிக்கொண்டிருந்தால் நீங்கள் எப்படியும் ஆட்டோவைத்தான் பிடிப்பீர்கள். அதனால் வண்டியை ஊர் திரும்பும் நாளில்தான் வெளியே எடுக்கப்போகிறோம் என்று எண்ணிக்கொண்டு, உள்ளே தள்ளி நிறுத்தச் சொல்லிவிடுவதே நல்லது.

இட வசதி முக்கியம் என்றால் ரயில் நிலையத்தின் மறுபுறம், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் உள்ள ஒய்.டபிள்யூ.சி.ஏ. விருந்தினர் இல்லத்தைக் கேட்டுப் பாருங்கள். மரங்கள் நிறைந்த பெரிய வளாகம். கார் நிற்பதற்கு நெருக்கடி இல்லை. வேப்பேரி ரிதர்டன் சாலைப் பக்கமும் சுற்றுச்சுவருக்குள் இடம் உள்ள எளிய விடுதிகள் இருக்கின்றன. வாடகை கென்னட் லேனைவிடக் கூடும். ஆனால் வண்டியைப் பற்றிய கவலை குறையும்.

தாம்பரம் தெற்கு

திண்டிவனம் வழியாக ஜி.எஸ்.டி. சாலையில் வருகிறவர் தாம்பரத்தைத் தாண்டி உள்ளே வருவதற்கே அவசியமில்லை. தாம்பரத்தில் வாடகை குறைவு, காரை விடவும் இடம் உண்டு, கடற்கரை செல்லும் மின்சார ரயில் எழும்பூரில் நிற்கிறது. இதைவிடக் குறைந்த செலவில் யாரும் வழி காட்ட முடியாது.

நெய்வேலி ஆசிரியை

மூட்டு வலி உள்ளவரை, அதுவும் பார்வை மங்கியவரை, காலை நேரக் கூட்டத்தில் மின்சார ரயிலில் ஏற்றுவது செலவுக் கணக்கில் மட்டும் பார்க்க வேண்டிய விஷயம் அல்ல. மேம்பாலப் படிகளை எண்ணிப் பாருங்கள். மெட்ரோ என்றாலாவது நிலையத்துக்கு நிலையம் லிஃப்ட் இருக்கிறது.

வந்தவாசி வாசகர்

என் மாமாவுக்கும் அதே மருத்துவமனையில்தான் சிகிச்சை நடந்தது. ஒன்றைக் கவனத்தில் கொள்ளுங்கள். அம்மாவை உள்நோயாளியாகச் சேர்த்துவிட்டால் உடன் ஒருவர் அங்கேயே இருக்க வேண்டியிருக்கும். அப்போது அறை தேவைப்படுவது இருவருக்கு மட்டுமே. முதல் நாளிலேயே மூன்று இரவுக்கும் முழு முன்பணம் கட்டாமல், ஒரு நாளுக்கு மட்டும் கட்டிவிட்டு மருத்துவர் சொல்வதைக் கேட்டபின் நீட்டித்துக்கொள்ளுங்கள். நான்கு பேருக்கும் டபுள் பெட் அறையோடு எக்ஸ்ட்ரா பெட் கேட்டால் போதுமா, இரண்டு அறை எடுக்கச் சொல்வார்களா என்பதையும் தொலைபேசியிலேயே பேசி முடித்துவிடுங்கள். எல்லாரும் அசல் ஆதார் அட்டையைக் கொண்டு வாருங்கள்.

செக்-அவுட் முறையையும் கேளுங்கள். சில இடங்களில் 24 மணி நேரக் கணக்கு. சில இடங்களில் பகல் 12 மணிக் கணக்கு. நீங்கள் காலை ஆறு மணிக்கு வந்து சேர்ந்தால், 12 மணிக் கணக்கு வைத்திருப்பவர்கள் முந்தைய நாளின் வாடகையையும் சேர்த்துக் கேட்பார்கள். வாடகையின் மேல் ஜி.எஸ்.டி. வரி கேட்டால், 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான். இன்னும் 12 சதவீதம் போட்டால் பில்லைக் காட்டிக் கேட்கலாம்.

கோயம்பேடு ஓட்டுநர்

எழும்பூர்வாசி சொன்னதில் ஒன்றை மட்டும் ஏற்க மாட்டேன். சாவியை யாரிடமும் கொடுக்காதீர்கள். வாட்ச்மேன் நகர்த்தும்போது கதவில் கீறல் விழுந்தாலும், வண்டியே காணாமல் போனாலும், "வாகனங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற பலகையைக் காட்டிக் கையை விரித்துவிடுவார்கள். சாவியைக் கேட்கும் லாட்ஜே வேண்டாம் என்று வேறு இடம் பார்ப்பதுதான் சரி.

பழைய மாம்பலம்

அறியாமல் பயமுறுத்த வேண்டாம். சட்டம் நீங்கள் சொல்வதற்கு நேர்மாறாக இருக்கிறது. டெல்லியில் ஒரு நட்சத்திர விடுதியின் ஊழியரிடம் சாவியைக் கொடுத்து நிறுத்தச் சொன்ன கார் 1998இல் திருடுபோன வழக்கில், உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் தீர்ப்பளித்தது. வண்டியை ஊழியர் பொறுப்பேற்றுக்கொண்டபின், உரிமையாளரின் பொறுப்பு என்று சீட்டில் அச்சிட்டிருந்தாலும், தங்கள் கவனக்குறைவுக்கு விடுதியினர் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்பது அதன் சாரம். ஆகவே சாவியை ஒப்படைப்பதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு. இதெல்லாம் செய்தித்தாள் படிப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது.

கோயம்பேடு ஓட்டுநர்

தீர்ப்பை நானும் அறிவேன். அங்கே எண்ணிட்ட சீட்டுக் கொடுத்து வண்டியை வாங்கினார்கள். கென்னட் லேன் வாட்ச்மேன் என்ன சீட்டுக் கொடுப்பார்? வண்டியை ஒப்படைத்ததற்கு ஆதாரமே இல்லாதபோது எந்த நீதிமன்றத்தில் எதை நிரூபிப்பீர்கள்? அந்த வழக்கு முடியவே இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. செங்கத்திலிருந்து வருகிறவருக்கு அது என்ன ஆறுதல்?

பழைய மாம்பலம்

ஆதாரம் கேட்டு வாங்குவது வாடிக்கையாளரின் கடமை. கேட்கத் தெரியாதவர்களுக்காகச் சட்டத்தைக் குறை சொல்ல முடியாது.

எழும்பூர்வாசி

இருவர் சொல்வதிலும் பயன் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் செய்யலாம். அறைப் பதிவேட்டில் பெயர் எழுதும்போது வண்டி எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலான லாட்ஜுகளில் அதற்கென்றே ஒரு பத்தி இருக்கும், அவசரத்தில் வெறுமையாக விட்டுவிடுவார்கள். முன்பண ரசீதின் பின்புறம் "சாவி பெற்றுக்கொள்ளப்பட்டது" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வண்டியை நான்கு புறமும் படம் எடுத்துவைத்துக்கொண்டு, அதன்பின் சாவியைக் கொடுங்கள். மறுத்தால் அடுத்த லாட்ஜுக்குப் போங்கள். அந்தத் தெருவில் லாட்ஜுக்குப் பஞ்சமில்லை.

இடமில்லை என்று தெருவில் மட்டும் விட்டுவிடாதீர்கள். நோ பார்க்கிங் அபராதம் 2022 அக்டோபரில் திருத்தப்பட்டபின் முதல் முறை 500 ரூபாய், அடுத்த முறை 1,500 ரூபாய். இரண்டாவது அபராதமே உங்கள் ஒரு நாள் வாடகை. ரயில் நிலைய நிறுத்துமிடத்தில் மணிக்கணக்கில் கட்டணம் ஏறும் என்பதால் நாள் கணக்கில் விடுவதற்கு அது ஏற்றதல்ல. மெட்ரோ நிலைய நிறுத்துமிடங்கள் அன்றாடம் போய்வருபவர்களுக்காக அமைந்தவை. அங்கே விட எண்ணினால் இரவில் நிறுத்த விடுவார்களா என்பதை அந்த நிலையத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வண்டி என்னவென்று இன்னும் சொல்லவில்லை.

செங்கத்துக்காரர்

பொலிரோ. மேலே கேரியர் போட்டிருக்கிறது.

எழும்பூர்வாசி

இதைத்தான் முதலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பொலிரோவின் நீளம் நான்கு மீட்டருக்குள் என்பதால் அதில் சிக்கல் இல்லை. உயரம் ஏறத்தாழ 1.9 மீட்டர், கேரியரையும் சேர்த்தால் இரண்டு மீட்டரைத் தாண்டிவிடும். தரைக்குக் கீழே பார்க்கிங் வைத்திருக்கும் கட்டடங்களில் நுழைவு உத்தரத்துக்குக் கீழே குழாய்களும் ஒயர்களும் தொங்கும். சிறிய கார் போகிற இடத்தில் உங்கள் வண்டி போகாது. ஆகவே "கார் பார்க்கிங் இருக்கிறதா" என்று கேட்காதீர்கள். "கேரியர் வைத்த பொலிரோ நுழையுமா, அந்த இடத்தைப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்ப முடியுமா" என்று கேளுங்கள். இடம் உண்மையாகவே இருப்பவர்கள் ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிடுவார்கள், மழுப்புகிறவர்களை விட்டுவிடலாம். மூன்று நாளைக்குக் கேரியர் தேவையில்லை என்றால் ஊரிலேயே கழற்றி வைத்துவிட்டு வருவது இன்னும் எளிது.

கோயம்பேடு ஓட்டுநர்

பொலிரோ என்றால் கென்னட் லேனில் திருப்புவதே பெரும்பாடு. மறுபடியும் சொல்கிறேன், கோயம்பேடு. எழும்பூர் மெட்ரோவில் இறங்கி ஆட்டோ பிடித்தால் போதும்.

தாம்பரம் தெற்கு

அல்லது தாம்பரம்.

நெய்வேலி ஆசிரியை

பரிசோதனைக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டபின் சில மணி நேரம் பார்வை கூசும். அந்த நேரத்தில் அம்மாவை வெயிலிலும் கூட்டத்திலும் நீண்ட தூரம் அழைத்துச் செல்ல வேண்டாம். நூறு இருநூறு ரூபாய் கூடினாலும் மருத்துவமனைக்கு அருகிலேயே தங்குங்கள். கறுப்புக் கண்ணாடி ஒன்றை எடுத்து வாருங்கள்.

செங்கத்துக்காரர்

வேப்பேரியில் சுற்றுச்சுவர் உள்ள விடுதியில் தரைத்தள அறை கிடைத்தது. வண்டி நிற்கும் இடத்தைப் படம் அனுப்பினார்கள், அதைப் பார்த்துத்தான் வந்தோம். சாவி எங்களிடமே இருக்கிறது. அம்மாவை இன்று சேர்த்துவிட்டார்கள்; மனைவி உடன் இருக்கிறாள். அனைவருக்கும் நன்றி.

வந்தவாசி வாசகர்

அம்மா நலமடைய வேண்டிக்கொள்கிறேன். வாடகை எவ்வளவு ஆயிற்று, நான்கு பேரையும் ஒரே அறையில் விட்டார்களா, கேரியரைக் கழற்றிவிட்டு வந்தீர்களா என்பதை நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள். அடுத்த மாதம் நாங்களும் அதே மருத்துவமனைக்கு வர வேண்டியிருக்கிறது, எங்களுடையதும் பொலிரோதான்.