முட்டிக்கு அடியில் தலையணை

*குழு: தாத்தா வீட்டுக் கூட்டம்*

கோபி அண்ணா: 📷 படம்
இன்றோடு முட்டி மாற்று ஆபரேஷன் முடிந்து 6 வாரம். அம்மா பரவாயில்லை.

சித்தி: அக்கா முகம் தெளிந்திருக்கிறது 🙏

அகிலா: அண்ணா, முட்டிக்கு அடியில் அந்தத் தலையணையை யார் வைத்தது?

பெரியம்மா: நான்தான். அது இருந்தால்தான் தூக்கம் வருகிறது.

அகிலா: சுகமாகத்தான் இருக்கும் பெரியம்மா. ஆனால் ராத்திரி முழுக்க மடங்கியே கிடந்தால் முட்டி அப்படியே இறுகிவிடும். அப்புறம் காலை முழுசாக நீட்ட வராது, நொண்டித்தான் நடக்க வேண்டும். துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள், முட்டி அந்தரத்தில் இருக்கட்டும். எவ்வளவு மடங்குகிறது இப்போது?

கோபி அண்ணா: நேற்று அளந்தார்கள், 75 டிகிரி. உள்ளே தழும்பு கட்டியிருக்கிறதாம். டாக்டர் ஒரு பெயர் சொன்னார், ஆர்த்ரோ என்னவோ.

அகிலா: ஆர்த்ரோஃபைப்ரோசிஸ். காயம் ஆறினால் தோலில் தழும்பு வருகிறது இல்லையா, அதுதான் மூட்டுக்குள்ளும். சிலருக்கு அளவுக்கு மீறி வளர்ந்து ஒட்டிக்கொள்ளும். 75 இருந்தால் சமதரையில் நடக்கலாம். மாடிப்படிக்கு 90 ஆவது வேண்டும்.

மணி மாமா: எண்ணெய் போட்டு உருவிவிடும் ஆள் ஒருவர் இங்கே இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கூட்டி வரவா? ஒரே இழுப்புதான்.

அகிலா: மாமா, அந்த ஒரே இழுப்புதான் பயமே! எண்ணெய் தோலோடு நின்றுவிடும், தழும்பு இருப்பது மூட்டுக்குள். முரட்டுத்தனமாக மடக்கினால் வீங்கும். வீங்கினால் இன்னும் இறுகும்.

பெரியம்மா: பிசியோ பையன் மடக்கும்போதே உயிர் போகிறது. அதனால்தான் 2 வாரம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கோபி அண்ணா: அம்மா!! அவர் ஊருக்குப் போயிருக்கிறார் என்றாய்?

பெரியம்மா: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சித்தி: அதற்குள் நான் படித்துவிட்டேன் அக்கா 😂

அகிலா: அண்ணா, திட்ட வேண்டாம். டாக்டர் கொடுத்த வலி மாத்திரையை அரை மணி நேரம் முன்னால் போடுங்கள், பயிற்சி முடிந்ததும் ஐஸ். இதிலும் அசையவில்லை என்றால் மயக்கம் கொடுத்து டாக்டரே மடக்கிவிடுவார். பெரும்பாலும் அதை 12 வாரத்துக்குள் செய்துவிடுவார்கள், தள்ளிப்போனால் தழும்பு கெட்டியாகிவிடும். அடுத்த தடவை போகும்போது கேளுங்கள். முட்டி சிவந்து சூடானாலோ, காய்ச்சல் வந்தாலோ, கெண்டைக்கால் வீங்கினாலோ அன்றைக்கே போக வேண்டும்.

பெரியம்மா: சரி, அந்தப் பையனை நாளைக்கே வரச் சொல். தலையணை மட்டும் இருக்கட்டுமே.

கோபி அண்ணா: பீரோ மேல் ஏற்றிவிட்டேன்.