தலைமேல் ஷாமியானா

குழு: அரட்டைத் திண்ணை

வியாழக்கிழமை

அப்பா, காலை 7.52
(படம்)
நம் வண்டியின் கூரைத் துணியைப் பாருங்கள். நேற்று திருச்சி மன்னார்புரம் தாண்டும்போது ஜன்னலை இறக்கினேன். காற்று புகுந்து ஷாமியானா மாதிரி உப்பிவிட்டது. பின்னால் வரும் வண்டியைப் பார்க்கலாம் என்று கண்ணாடியைப் பார்த்தால் துணிதான் தெரிகிறது.

அம்மா, 7.54
பின் சீட்டில் நான் வழி முழுக்க முக்காடு போட்டுக்கொண்டு வந்தேன். அதையும் சொல்லுங்க.

பெரியப்பா, 7.58
குண்டூசி குத்திவிடு. ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல் வளைகாப்புக்குப் போய் வந்துவிடலாம்.

அப்பா, 8.01
குத்தியாச்சு அண்ணே. இவளுடைய புடவைப் பின் ஆறு. காலையில் பார்த்தால் இரண்டு கீழே விழுந்திருக்கிறது.

அம்மா, 8.02
அதில் ஒன்று இன்னும் கிடைக்கவில்லை. எல்லோரும் பார்த்து உட்காருங்கள்.

அத்தை, 8.05
சின்னண்ணே, ஃபெவிக்விக் போட்டுப் பார்த்தீங்களா? என் செருப்புக்கு எப்போதும் அதுதான்.

அப்பா, 8.06
வீட்டில் வெள்ளை ஃபெவிகால் ஒரு டப்பா இருக்கிறது. சாயங்காலம் அதைத் தடவலாம் என்று இருக்கிறேன்.

மாமா, 8.20
மச்சான், எதையும் தடவாதீங்க. தொங்குகிற துணிக்கு மேல் பக்கம் விரலை விட்டுத் தேய்த்துப் பாருங்க. விரலில் என்ன வருகிறது?

அப்பா, 8.31
(படம்)
மஞ்சள் பொடி, கடலை மாவு மாதிரி. சட்டை எல்லாம் கொட்டிவிட்டது. தொட்டால் பிசுபிசு.

மாமா, 8.33
நினைத்தேன். பசை விட்டுப்போகவில்லை மச்சான், ஃபோம் செத்துப்போச்சு. கூரையில் இருப்பது வெறும் துணி இல்லை. துணிக்குப் பின்னால் மெல்லிய ஃபோம் ஒட்டியிருக்கும், அந்த ஃபோமைத்தான் கூரைக்கு உள்பக்கம் மாட்டுகிற அட்டையில் ஒட்டியிருப்பான். இப்போது அது மாவாகிவிட்டது. நீங்கள் எந்தப் பசையைத் தடவினாலும் மாவில்தான் ஒட்டும், அட்டையில் ஒட்டாது. எங்கள் கரூர் பட்டறையில் புதுப் பையன்கள் எல்லோரும் முதலில் செய்கிற தப்பு இதுதான்.

நான், 8.40
பாலியூரித்தேன் ஃபோம்தானே மாமா? சூடும் ஈரக்காற்றும் சேர்ந்தால் அதன் இழைகள் அறுந்துவிடும் என்று படித்திருக்கிறேன். நம் வண்டி 2010 மாடல். பதினைந்து வருடம் வெயிலிலேயே நிற்கிறது.

மாமா, 8.41
பேர் எனக்குத் தெரியாது பாப்பா. வெயிலில் நிற்கிற வண்டிக்கு முதலில் இதுதான் போகும், அது தெரியும்.

அண்ணன் (சென்னை), 8.47
அமெரிக்காவில் அரிசோனாவில் அளந்து பார்த்து 2018இல் வெளியிட்டிருக்கிறார்கள் சித்தப்பா. கோடை வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களில் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸ். நிழலில் நின்றவற்றில் அதைவிட இருபது டிகிரி குறைவு.

பெரியப்பா, 8.49
அதற்குத்தான் அந்த வேப்ப மரத்தை வெட்டாதே என்றேன். கேட்டானா?

அப்பா, 8.50
அண்ணே, அந்தக் கதை இப்போது வேண்டாம்.

அத்தை, 8.52
அப்போ ஃபெவிக்விக்?

மாமா, 8.55
அது துணியில் ஊறிக் கல் மாதிரி இறுகும். ஓரத்தில் சுண்ணாம்பு பூத்தது போல வெள்ளையாகப் படியும். வெள்ளை ஃபெவிகால் மரத்துக்கு நல்லது. அக்னி நட்சத்திரத்தில் கார் கூரைச் சூட்டுக்கு அது இளகிவிடும். இதற்கு வேண்டியது ரப்பர் பசை. மெத்தை, ரெக்சின் ஒட்டுகிறவர்கள் வைத்திருப்பார்களே, எஸ்ஆர் என்று போட்டிருக்கும், தேன் நிறத்தில் கமகமவென்று மணக்கும்.

அத்தை, 8.56
மணக்குமாம்! இவருக்கு அதுதான் மணம். கல்யாணமான புதிதில் சட்டையைத் துவைத்துத் துவைத்து எனக்குத் தலைவலியே வந்தது.

அப்பா, பகல் 1.15
பாலக்கரையில் குஷன் கடைகளில் கேட்டேன். ஒருவர் கழற்றிச் செய்ய நாலாயிரம், திங்கட்கிழமைதான் முடியும் என்கிறார். இன்னொருவர் கழற்றாமலே பழைய துணிக்கு மேலேயே புதுத் துணி ஒட்டித் தருகிறாராம். ஆயிரத்து இருநூறு, ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவாராம்.

மாமா, 1.20
இரண்டாவது ஆளிடம் போகாதீங்க. செத்துப்போன ஃபோம் மேல் இன்னொரு துணியின் எடையை ஏற்றுகிறார். ஆறு மாதத்தில் இரண்டும் சேர்ந்து உங்கள் தலைக்கு வரும். முதல் ஆள் சொன்னது நியாயமான விலை. ஆனால் நாள் ஒத்து வரவில்லை.

அப்பா, 1.21
அப்போ?

மாமா, 1.34
சனிக்கிழமை காலை பஸ்ஸில் நான் வருகிறேன். சாமான் மட்டும் வாங்கி வையுங்க.

அம்மா, 1.35
வாங்க அண்ணா. மீன் குழம்பு வைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை

மாமா, காலை 6.40
ஃபோம் ஒட்டியே வருகிற கூரைத் துணி என்று கேளுங்க மச்சான். மூன்று மில்லிமீட்டர் தடிமன் ஃபோம் போதும். வெறும் துணி வேண்டாம். பசை மேலே ஊறிக் கறை தெரியும், அட்டையின் மேடு பள்ளம் எல்லாம் காட்டிக்கொடுக்கும். அறுபது இஞ்ச் அகலத்தில் இரண்டு மீட்டர். துண்டு துண்டாக வேண்டாம், ஒரே துணியாக இருக்கணும்.

மாமா, 6.43
அப்புறம் ரப்பர் பசை ஒரு லிட்டர், நாலு இஞ்ச் பிரஷ் இரண்டு, பிளேடு, மாஸ்க். தேங்காய் நார் பிரஷ் வீட்டிலேயே இருக்கும்.

அம்மா, 6.50
இருக்கிறது. அது பாத்ரூம் பிரஷ். பரவாயில்லையா?

மாமா, 6.51
பரவாயில்லை தங்கச்சி. நல்லாக் காய்ந்திருக்கணும், அவ்வளவுதான். அட்டையில் தண்ணீர் படக்கூடாது, ஊறி உப்பிவிடும்.

பெரியப்பா, 9.10
மாப்பிள்ளை வருகிறார் என்றால் என் புது வண்டியையும் கொண்டு வரட்டுமா? முன் கண்ணாடிக்குப் பக்கத்துத் தூணில் பிளாஸ்டிக் ‘கடகட’ என்கிறது. கழற்றி ஒரு சொட்டு பசை வைத்தால் போதும்.

மாமா, 9.14
பெரிய மச்சான், அதை நான் தொட மாட்டேன். உங்கள் வண்டியில் அந்தத் தூணில் ஏர்பேக் என்று எழுதியிருக்கும் பாருங்க. விபத்தில் உப்புகிற காற்றுப்பையை உள்ளே மடித்து வைத்திருக்கிறான். அதன் மேல் மூடி குறிப்பிட்ட இடத்தில் பிளந்து திறக்கணும். அங்கே பசை வைத்து இறுக்கினால் விபத்து நேரத்தில் திறக்காமல் போகலாம். கம்பெனி சர்வீஸிலேயே விடுங்க.

பெரியப்பா, 9.16
எழுதியிருக்கிறது. இத்தனை நாள் நான் அதைக் கவனிக்கவே இல்லை.

அண்ணன், 9.20
2019 ஜூலையிலிருந்து டிரைவர் ஏர்பேக் எல்லா புதுக் காருக்கும் கட்டாயமாச்சு அப்பா. சித்தப்பா வண்டி அதற்கெல்லாம் முந்தியது.

அப்பா, 9.21
என் வண்டியில் ஏர் மட்டும்தான் இருக்கிறது, அதுவும் துணிக்குள்ளே.

அப்பா, இரவு 8.05
(படம்)
எல்லாம் வாங்கியாச்சு. மாப்பிள்ளை, டிரைவர் பக்க டோர் பேடும் (கதவின் உள்பக்கப் பிளாஸ்டிக்) பாருங்க. கீழ் மூலை வெளியே வளைந்து நிற்கிறது. ஏறும்போது செருப்பு மாட்டுகிறது. உள்ளே கிளிப்பும் உடைந்திருக்கிறது போல.

பெரியப்பா, 8.11
என்னிடம் ஹீட் கன் இருக்கிறது.

மாமா, 8.15
அது வீட்டிலேயே இருக்கட்டும். அது ஐந்நூறு டிகிரி அடிக்கும், பிளாஸ்டிக் நூறு சொச்சத்திலேயே இளகத் தொடங்கும். கண் மூடித் திறப்பதற்குள் பளபளவென்று ஒரு குழி விழுந்துவிடும். பாப்பா தலைமுடி காய வைக்கிற டிரையர் போதும்.

நான், 8.16
தருகிறேன். ஆனால் பசைக் கையோடு தொடக்கூடாது.

சனிக்கிழமை

நான், காலை 8.30
நேரலை. மாமா வந்ததும் காபி கூடக் குடிக்காமல் பேட்டரி ஒயரைக் கழற்றச் சொன்னார். கேபின் லைட், சன் வைசர் (வெயில் மறைக்கிற மடக்குப் பலகை), மேல் கைப்பிடிகள் எல்லாம் கழன்றாச்சு. ஸ்க்ரூக்களை இட்லித் தட்டில் குழி குழியாகப் பிரித்து வைத்திருக்கிறார். அம்மா முறைக்கிறார்.

நான், 9.05
கதவு ரப்பர் பீடிங்கை இறக்கி, முன் சீட் இரண்டையும் படுக்கப் போட்டு, அட்டையைப் பின் கதவு வழியாக எடுத்தார்கள். ‘மடிக்காதே, மடிக்காதே’ என்று மாமா கத்திக்கொண்டே இருந்தார். ஒரு தடவை மடிப்பு விழுந்தால் புதுத் துணிக்கு மேலும் அந்தக் கோடு தெரியுமாம்.

நான், 9.40
(படம்)
பழைய துணி ஒரே இழுப்பில் வந்துவிட்டது. இப்போது அப்பா நார் பிரஷ்ஷால் தேய்க்கிறார். மாஸ்க் போட்டும் மீசை மஞ்சளாகிவிட்டது.

அத்தை, 9.42
சின்னண்ணே, மஞ்சள் நீராட்டு!

மாமா, 10.20
ஆன்டெனா இருக்கிற இடத்தில் அட்டையில் டீக்கறை மாதிரி ஒரு வட்டம். மழைத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அதை விட்டுவிட்டு ஒட்டினால் அடுத்த ஐப்பசியில் அந்த இடம்தான் முதலில் கழலும். மச்சானை ஆன்டெனா ரப்பர் வாங்க அனுப்பியிருக்கிறேன்.

அண்ணன், 10.25
தேய்ப்பது இன்னுமா முடியவில்லை?

மாமா, 10.26
இந்த வேலையில் பாதி தேய்ப்பதுதான். உள்ளங்கையை வைத்து இழுத்தால் கையில் மாவு வரக்கூடாது. அதுவரை தேய்க்கணும்.

நான், 12.10
ஒட்ட வேண்டியதுதானே என்றால் மாமா காத்திருக்கச் சொல்கிறார். உச்சி வெயிலில் பசை தடவியதும் தோல் கட்டிவிடுமாம். நாலு மணிக்கு மேல் போர்ட்டிகோவில். இடையில் மீன் குழம்பு, தூக்கம்.

நான், 1.05
தூங்கவில்லை. டோர் பேட் நடக்கிறது. கழற்றி, வளைந்த மூலையை டிரையரால் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் சூடு காட்டினார். கை பொறுக்கும் சூடு தாண்டியதும் இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து மேலே அம்மிக் குழவி.

அம்மா, 1.06
என்னைக் கேட்காமல்.

மாமா, 1.10
அது தானாக ஆறணும். அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றினால் மறுபடி முறுக்கிக்கொள்ளும். கிளிப் இரண்டு உடைந்திருக்கிறது. கடையில் ஒன்று பத்து ரூபாய் இருக்கும். பேட் வளைந்ததற்கே அதுதான் காரணம். பிடிமானம் இல்லாத மூலை, அதுவும் வெயிலில்.

நான், மாலை 4.45
(படம்)
பசை நேரம். அட்டையில் ஒரு பூச்சு, துணியின் ஃபோமில் ஒரு பூச்சு. அப்பா உடனே ஒட்டப் போனார், மாமா கையைத் தட்டிவிட்டார். பத்துப் பதினைந்து நிமிடம் காய விட்டு, விரல் முட்டியால் தொட்டால் ஒட்டாமல் வரணும், அப்போதுதான் இரண்டையும் சேர்க்கணும். ஈரமாக ஒட்டினால் உள்ளே ஆவி மாட்டிக் குமிழ் வருமாம்.

நான், 5.20
துணியைப் பாதி மடித்து வைத்து நடுவில் தொடங்கி, உள்ளங்கையால் ஓரத்தை நோக்கித் தள்ளிக்கொண்டே போனார். இழுக்கவே இல்லை. சன் வைசர் உட்காருகிற பள்ளம் வந்ததும் நின்று, நாலு விரலால் துணியைப் பள்ளத்துக்குள் அமுக்கி அமுக்கிப் பதித்தார். பள்ளத்துக்கு மேல் பாலம் போல விறைப்பாக விட்டால் அது ஒரு வாரத்தில் எழும்பிவிடும் என்றார். அம்மா இடியாப்ப மாவு அமுக்குவது நினைவுக்கு வந்தது.

பெரியப்பா, 5.24
பக்கத்தில் யாரும் பீடி சிகரெட் பற்ற வைக்க வேண்டாம். அந்தப் பசை பெட்ரோல் மாதிரி.

அம்மா, 5.25
அதனால்தான் அடுப்பையும் அணைத்திருக்கிறேன் அத்தான். ராத்திரிக்கு ஓட்டல்.

மாமா, 6.15
ஓரத்தில் இரண்டு இஞ்ச் பின்னால் மடித்து ஒட்டியாச்சு. லைட் ஓட்டை, கைப்பிடி ஓட்டை எல்லாம் நாளைக் காலையில்தான் வெட்டணும். இப்போது வெட்டினால் ஓரம் பிரியும். ராத்திரி மாடியறையில் தட்டையாகக் கிடக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை

நான், காலை 7.10
ஐந்து மணிக்கே மாட்டிவிட்டார்கள். இட்லித் தட்டில் ஒரு ஸ்க்ரூ மிச்சம்.

மாமா, 7.12
அது பழைய கிளிப்புடையது. தூக்கிப் போடு.

அண்ணன், 7.15
எவ்வளவு ஆச்சு சித்தப்பா?

அப்பா, 7.18
துணி, பசை, பிரஷ், ரப்பர், கிளிப் எல்லாம் சேர்த்து ஆயிரத்து எழுநூறு. ஓட்டல் சாப்பாடு எழுநூற்று எண்பது.

அத்தை, 7.20
வண்டியில் வாடை அடிக்குமே? ஏசி போட்டு மூடிக்கொண்டு வராதீங்க.

மாமா, 7.21
இரண்டு நாளைக்கு ஜன்னலை ஒரு விரல் இறக்கியே வையுங்க. நிழலில் நிறுத்துங்க.

அம்மா, மாலை 4.40
வந்து சேர்ந்தோம். துணி அசையவில்லை. ஆனால் லைட்டுக்குப் பக்கத்தில் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு மேடு. வழி முழுக்க என் கண் அங்கேதான்.

மாமா, 4.44
தேய்க்காமல் விட்ட ஃபோம் துணுக்கு தங்கச்சி. மச்சான் ஆன்டெனா ரப்பர் வாங்கப் போன நேரத்தில் விட்டுப்போன இடம்.

அப்பா, 4.45
நான் வருவதற்குள் நீங்கள்தான் ‘போதும்’ என்றீர்கள் மாப்பிள்ளை.

மாமா, 4.47
சரி. யார் விட்டதோ விட்டது. ஊசி போட்டுக் குத்திப் பார்க்காதீங்க.

பெரியப்பா, 4.52
ஊசி என்றதும் சொல்கிறேன். அந்த ஆறாவது பின் கிடைத்துவிட்டது. இப்போது நின்றுகொண்டுதான் தட்டச்சு செய்கிறேன்.