புதுப்பிப்பு: 1997 டாட்ஜ் ராம் பிக்கப், 12 வால்வ் கம்மின்ஸ் டீசல் இன்ஜின் – இழுவை கூடிவிட்டது

டிரெய்லரோடு மேடு ஏறினால் வண்டி திணறுகிறது, 5.9 லிட்டர் இன்ஜினில் பவர் கூட்ட என்ன வழி என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பெரிய இன்ஜெக்டர், டர்போ எதுவும் வாங்கவில்லை. பி7100 பம்பில் (இன்ஜினுக்கு டீசல் செலுத்தும் பம்ப்) எரிபொருள் அளவுக்கு வரம்பு வைக்கும் ஃப்யூவல் பிளேட்டை முன்னால் தள்ளச் சொன்னதுதான் பலித்தது. முதலில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் வெப்பமானி மாட்டினேன். ஏற்றத்தில் முள் 1,250 ஃபாரன்ஹீட்டை நெருங்கினால் காலைத் தளர்த்திவிடுகிறேன். மிதித்தவுடன் கரும்புகை கக்கியது. டர்போ அழுத்தம் ஏறும்வரை டீசலை மட்டுப்படுத்தும் ஏஎஃப்சி என்ற பாகத்தின் நட்சத்திரச் சக்கரத்தைச் சில பல் திருப்பி ஸ்பிரிங்கை இறுக்கியதும் அடங்கியது.

எதிர்பாராதது கிளட்ச். ஐந்தாவது கியரில் ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. பழைய கிளட்சுக்கு இந்த முறுக்குவிசை தாங்காது. ஃப்யூவல் பிளேட்டில் கைவைப்பவர்கள் அதற்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள்.